கறவை மாட்டின் தோல் நோய்கள்: கண்டறிதலும் காத்தலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

‘மாடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் பொருள் உண்டு. கல்வியின் பெருமையைச் சொல்ல வந்த வள்ளுவரும் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். நகரத்தில் இருப்போருக்கு இது ஓர் இலக்கியச் செய்தி. சிற்றூரில் ஒற்றைக் கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கோ இது அன்றாட உண்மை. காலையும் மாலையும் சங்கத்துக்கு ஊற்றும் பால்தான் அவர்களுக்கு மளிகைக் கடன், மருந்துச் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு எல்லாம். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணமும் பால் பணத்திலிருந்து வந்ததே ஆகும்.

அத்தகைய மாட்டுக்கு மடிநோய் வந்தால் பதறுகிறோம். கோமாரி வந்தால் நடுங்குகிறோம். தோலில் ஏதேனும் தோன்றினால் மட்டும், “அது சூடு, தானே போய்விடும்” என்று விட்டுவிடுகிறோம். அல்லது அண்டை வீட்டார் சொன்ன எதையாவது எடுத்துப் பூசிவிடுகிறோம். இவ்விரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். தோலில் காணும் கோளாறுகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அவற்றின் காரணங்கள் வேறு வேறு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டும். பிறகுதான் மருந்தை நினைக்க வேண்டும்.

தோலின் இயல்பு

மாட்டின் உடலில் மிகப் பரந்த உறுப்பு தோலே ஆகும். மேற்புறத்தில் மேல்தோலும், அதனடியில் இரத்தக் குழாய்கள், நரம்புகள், மயிர்க்கால்கள், சுரப்பிகள் அடங்கிய அடித்தோலும் உள்ளன. அதற்கும் கீழே ஒரு மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. மாட்டின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தால், உட்கார்ந்த இடத்தை மட்டும் அது சிலிர்த்து உதறுவதைக் கண்டிருப்பீர்கள். கையில்லாத விலங்குக்கு இயற்கை கொடுத்த விசிறி அந்தத் தசைப்படலம்.

நலமுள்ள மாட்டின் மயிர் படிந்து மினுமினுக்கும். கழுத்துத் தோலை இரு விரலால் பிடித்து இழுத்து விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பும். மயிர் சிலிர்த்து நிற்பதும், பளபளப்பு மங்குவதும், தோல் மரத்துத் தடிப்பதும் உள்ளே அல்லது வெளியே ஏதோ நடக்கிறது என்பதற்கு அறிகுறிகளாகும். அரிப்பால் அமைதியிழந்த மாடு சரியாக மேயாது, அசை போடாது, அதனால் பால் குறையும். பால்மானி காட்டும் முன்பே தோல் காட்டிவிடுகிறது எனலாம்.

பார்க்கும் முறை

மாட்டைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம் காலை வெளிச்சம். ஏற்ற ஆள், நாள்தோறும் பால் கறப்பவர். மயிர் படிந்த திசைக்கு எதிராகக் கையை ஓட்டி, காதின் உட்புறம், கண்ணைச் சுற்றி, அலைதாடி, முன்தொடை இடுக்கு, மடி, வாலடி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது பின்வரும் ஐந்து கேள்விகளை மனத்தில் கொள்ளல் நலம்.

1. உடலின் எப்பகுதியில் தோன்றியுள்ளது?
2. வடிவம் என்ன? வட்டமா, கட்டியா, பொருக்கா, வெடிப்பா?
3. அரிப்பு உண்டா? மாடு கம்பத்தில் உரசுகிறதா, நக்குகிறதா?
4. உடன் இருக்கும் கன்றுக்கோ, மற்ற மாட்டுக்கோ, வீட்டாருக்கோ இருக்கிறதா?
5. காய்ச்சல் உண்டா? தீவனத்திலோ மேய்ச்சல் இடத்திலோ மாற்றம் உண்டா?

மாட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 101.5 பாரன்ஹீட் ஆகும். நம் உடலைவிட அது சற்றுச் சூடாகவே இருக்கும். ஆகவே காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவதைவிட வெப்பமானியை நம்புவதே சரி.

இவ்வைந்துக்கும் விடை கிடைத்துவிட்டால் நோயின் பெயர் பாதி தெரிந்ததாகும். இனி, நம் பக்கத்துக் கொட்டகைகளில் காணப்படும் தோல் கோளாறுகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

உண்ணி

எல்லோருக்கும் தெரிந்த பகைவன் இது. ஆனால் இதன் வாழ்க்கை வரலாற்றை அறிந்தவர் சிலரே. உண்ணி பூச்சியன்று, எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. முட்டையிலிருந்து வெளிவரும் இளநிலையில் மட்டும் ஆறு கால்கள் இருக்கும். நம் நாட்டுக் கறவை மாடுகளில் பெருகிக் காணப்படும் நீல உண்ணி, இளநிலை முதல் முதிர்நிலை வரை ஏறத்தாழ மூன்று வாரம் ஒரே மாட்டின் மேலேயே வாழ்கிறது. இரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் பருத்த பெண் உண்ணி, தரையில் விழுந்து, சுவர் வெடிப்பிலோ சாணக்குப்பையின் அடியிலோ ஒதுங்கி, 2000 முதல் 3000 வரை முட்டையிட்டு இறக்கிறது. குஞ்சுகள் புல்லின் நுனியில் ஏறி, அவ்வழி வரும் மாட்டுக்காகக் காத்திருக்கின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மாட்டின் மேல் நாம் காணும் உண்ணிகள் ஒரு பகுதியே. பெரும்படை தரையில் இருக்கிறது. மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துக் கொட்டகையை விட்டுவிட்டால் மூன்று வாரத்தில் பழைய கதைதான். சுவர் வெடிப்புகளை மண்ணாலோ சிமெண்டாலோ பூசி அடைத்தல், சுண்ணாம்பு அடித்தல், சாணத்தையும் மிஞ்சிய தீவனத்தையும் நாள்தோறும் அகற்றல் ஆகியவை மருந்துக்குச் சமமானவை. கொட்டகையில் நாலு நாட்டுக்கோழி திரிந்தால் அவையும் உண்ணியைக் கொத்தித் தின்னும். நம் முன்னோர் கோழியையும் மாட்டையும் ஒரே முற்றத்தில் வளர்த்ததில் இந்தப் பயனும் இருந்தது.

உண்ணியின் தீமை இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் மாடுகளைக் கொன்ற ‘டெக்சாஸ் காய்ச்சல்’ உண்ணியின் மூலமே பரவுகிறது என்பதைத் தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகிய இருவரும் 1893இல் நிறுவினர். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் 1897இல் கண்டதற்கு முன்பே நடந்தது இது. அந்நோய் கண்ட மாட்டின் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். உண்ணி மிகுந்த மாட்டுக்குக் காய்ச்சலோ, சிவந்த சிறுநீரோ, கண்ணின் உள்இமை வெளுப்போ கண்டால் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

உண்ணியைக் கையால் எடுப்பதாயின் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்துக் கொதிநீரில் போட வேண்டும். நகத்தால் நசுக்குதல் கூடாது. சில வகை உண்ணிகள் மனிதருக்கும் கொடிய காய்ச்சலைத் தரவல்லவை. 2011இல் குஜராத்தில் உயிர்ச்சேதம் விளைவித்த கிரிமியன் காங்கோ காய்ச்சல் அவ்வகையைச் சேர்ந்தது.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவரும் மரபுவழி மருத்துவ முறையில், உண்ணிக்கு ஒரு மூலிகைக் கரைசல் சொல்லப்படுகிறது. வசம்பு 10 கிராம், பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவை ஒவ்வொரு கைப்பிடி. இவற்றை அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து வடிகட்டி, துணியால் நனைத்து உடலெங்கும் துடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். மாடு நக்காதபடி பார்த்துக்கொள்வது அவசியம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பேன்

மார்கழி, தை மாதங்களில் மயிர் அடர்ந்திருக்கும்போது பேன் பெருகும். கழுத்தின் மேற்புறத்திலும் வாலடியிலும் மயிரைப் பிரித்துப் பார்த்தால் பேனும், மயிரில் ஒட்டிய ஈரும் தெரியும். மெலிந்த மாட்டுக்கும் கன்றுக்கும் இது மிகுதி. உண்ணியைப் போலன்றி, பேன் தன் வாழ்நாள் முழுவதையும் மாட்டின் மேலேயே கழிக்கிறது. ஆகவே இதை ஒழிப்பது எளிது. ஒன்றை மட்டும் மறக்கலாகாது. மருந்து பேனைக் கொல்லும், ஈரைக் கொல்லாது. எனவே சுமார் 14 நாள் இடைவெளியில் மறுமுறையும் மருந்திட வேண்டும். மாட்டுப் பேன் மனிதரிடம் வாழாது, அஞ்ச வேண்டியதில்லை.

சொறி

உண்ணியும் பேனும் கண்ணுக்குத் தெரியும். சொறியை உண்டாக்கும் சிற்றுயிரோ தோலுக்குள் சுரங்கம் தோண்டி ஒளிந்து வாழ்கிறது. முகம், கழுத்து, தொடையின் உட்புறம், வாலடி ஆகிய இடங்களில் மயிர் கொட்டி, தோல் தடித்து, யானைத் தோல்போல் மடிப்பு மடிப்பாகிவிடும். அரிப்பு பொறுக்க முடியாததாக இருக்கும். மாடு கம்பத்தில் உரசி உரசி இரத்தம் வரவைத்துக்கொள்ளும்.

எங்கள் ஜெர்சி கலப்புப் பசுவுக்கு இது வந்தபோது, பார்த்தவர் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். ஒருவர் திருஷ்டி என்றார்; ஒருவர் சூடு என்றார்; ஒருவர் படர்தாமரை என்றார். கால்நடை மருந்தகத்து மருத்துவர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, “ராத்திரியிலும் உரசுதாம்மா?” என்பதே. “விடிய விடிய உரசுதுங்க டாக்டர், கம்பமே வழவழன்னு ஆயிடுச்சு” என்றார் அம்மா. மருத்துவர் புண்ணின் நடுவைத் தொடவில்லை. நோய் பரவிக்கொண்டிருக்கும் ஓரத்தில், இலேசாக இரத்தம் கசியும்வரை கத்தியால் சுரண்டி எடுத்தார். ஏன் ஓரம் என்றால், உயிருள்ள சிற்றுயிர்கள் முன்னேறிக்கொண்டிருக்கும் இடம் அதுதான். நடுவில் இருப்பது அவை விட்டுச் சென்ற பாழிடம்.

சுரண்டலில் சிறிது எங்கள் விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்கும் வந்தது. 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு இலேசாகச் சூடாக்கினால் மயிரும் செதிலும் கரைந்துவிடும். உண்ணியின் உறவினமான அந்தச் சிற்றுயிர் கரையாமல் நிற்கும். நுண்ணோக்கியில், உருண்டை உடலும் குட்டைக் கால்களுமாக ஆமைபோல் ஒன்று தெரிந்தது. பாடப்புத்தகத்தில் படமாக வரைந்து மதிப்பெண் பெற்ற உயிர், எங்கள் கொட்டகையிலிருந்தே வந்து கண்ணாடித் தகட்டில் கிடந்தது. கணுக்காலிகள் என்னும் பாடம் அன்று எனக்கு வேறு பொருள் கொண்டது.

இந்நோய்க்கு மருத்துவர் தரும் மருந்தை, முட்டைகள் பொரிந்து வெளிவரும் கணக்கை வைத்து, அவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறையும் தர வேண்டும். முதல் முறையில் அரிப்பு நின்றதும் விட்டுவிடுவதாலேயே சொறி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு மாட்டுக்கு இருந்தால் உடன் கட்டிய எல்லா மாட்டுக்கும் மருந்திட வேண்டும். மாட்டைத் தொடுபவருக்கும் கையில் சில நாள் அரிப்பு வரலாம். மாடு குணமானதும் பெரும்பாலும் அதுவும் மறையும்.

படர்தாமரை

சொறியோடு மக்கள் குழப்பிக்கொள்வது இதைத்தான். இது பூஞ்சையால் வருவது. கண்ணைச் சுற்றி, முகம், கழுத்து ஆகிய இடங்களில், காசு வட்டத்தில், சாம்பல் படிந்தாற்போன்ற வெண்பொருக்குத் தோன்றும். கன்றுகளுக்கே மிகுதி. சொறியைப் போல் கடும் அரிப்பு இராது. வட்டமும் அரிப்பின்மையும் இதன் அடையாளங்கள்.

இந்நோய் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மாதங்களில் தானே ஆறிவிடும். அப்படியாயின் மருந்து எதற்கு என்று கேட்கலாம். இது மனிதருக்குத் தொற்றும் என்பதே விடை. கன்றைக் கட்டியணைக்கும் குழந்தையின் கையிலும் கழுத்திலும் அதே வட்டம் தோன்றும். பூஞ்சையின் வித்துகள் கம்பத்திலும் கயிற்றிலும் நெடுங்காலம் உயிருடன் இருக்கும். ஆகவே பொருக்கை வெதுவெதுப்பான சோப்பு நீரால் ஊறவைத்து மெல்ல அகற்றி, எரித்துவிட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்லும் அயோடின் கலந்த மருந்தையோ, பூஞ்சைக்கொல்லிக் களிம்பையோ இட வேண்டும். கன்றைக் காலை வெயிலில் கட்டுதல் நல்லது. கையுறையோ, அது இல்லாவிடில் கையில் சுற்றிய நெகிழிப் பையோ அவசியம். பின்னர் கையைச் சோப்பினால் கழுவ வேண்டும்.

மழைக்காலத்தில் நாள் முழுதும் நனையும் மாடுகளின் முதுகில் வேறொரு பொருக்கு வரும். மயிர் கற்றை கற்றையாக ஒட்டி, வண்ணம் பூசும் தூரிகைபோல் நிற்கும். இது பாக்டீரியாவால் வருவது. பூஞ்சை மருந்துக்குக் கேளாது. மாட்டை நனையாமல் வைப்பதே இதற்கு முதல் சிகிச்சை.

தோல் கழலை நோய்

அண்மைக் காலத்தில் இந்திய உழவரை மிகவும் கலங்கவைத்த தோல் நோய் இது. 1929இல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதன்முதலாகப் பதிவான இந்நோய், 2019இல் ஒடிசாவில் இந்தியாவுக்குள் நுழைந்தது. 2022இல் இராஜஸ்தானிலும் குஜராத்திலும் பெருஞ்சேதம் விளைவித்தது. காரணம் அம்மை இன வைரஸ். எங்கள் பக்கத்தில் இதைப் பெரியம்மை என்கிறார்கள். ஆனால் மனிதரைத் தாக்கிய பெரியம்மை வேறு. அது 1980இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தோல் கழலை மனிதருக்குத் தொற்றாது.

முதலில் கடுங்காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், பால் திடீரெனக் குறைதல். ஓரிரு நாளில் 2 முதல் 5 சென்டிமீட்டர் அளவுள்ள, அழுத்தினால் கெட்டியாக உள்ள வட்டக் கட்டிகள் உடலெங்கும் தோன்றும். கடிக்கும் ஈக்கள், கொசுக்கள், உண்ணிகள் ஆகியவற்றால் பரவும். உதிர்ந்து உலர்ந்த பொருக்கில் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேலும் உயிருடன் இருக்கக்கூடும்.

உடலெங்கும் தடிப்பு கண்டால் எல்லாம் கழலையன்று. ஒவ்வாத தீவனத்தாலோ, தேனீ கொட்டியதாலோ, ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமையாலோ சில மணி நேரத்தில் உடல் முழுதும் தடித்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் வற்றிவிடுவதும் உண்டு. அதில் காய்ச்சலும் கெட்டிக் கட்டியும் இரா.

கழலை கண்ட மாட்டை உடனே தனியே கட்டி, வேப்பிலை மூட்டம் போட்டு ஈ கொசுவைத் தடுத்து, மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். வைரசைக் கொல்லும் மருந்து கிடையாது. காய்ச்சலைத் தணிக்கவும், புண்ணில் வேறு கிருமி சேராமல் காக்கவுமே சிகிச்சை. மரபுவழி முறையில் வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் ஆகியவற்றை வெல்லத்தோடு அரைத்துச் சிறிது சிறிதாக நாக்கில் தடவுகிறார்கள். புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசுகிறார்கள். இவை மருத்துவரின் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யத்தக்கவை. அதற்கு மாற்றாக அல்ல. உண்மையான காப்பு தடுப்பூசியே. நம் நாட்டில் ஆட்டம்மைத் தடுப்பூசியை இதற்குப் பயன்படுத்தி வந்தனர். 2022இல் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையமும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து இந்நோய்க்கென்றே ஒரு தடுப்பூசியை உருவாக்கின.

தடுப்பூசி என்னும் கருத்தே மாட்டின் தோலிலிருந்து பிறந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் மாட்டம்மையால் எழுந்த கொப்புளத்தின் நீரை எடுத்து, 1796இல் எட்வர்டு ஜென்னர் ஒரு சிறுவனுக்கு இட்டார். தடுப்பூசியைக் குறிக்கும் ‘வாக்சின்’ என்னும் சொல்லும், பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே வந்தது.

வெயில் சுட்ட தோல்

இதனை அறிந்தவர் மிகச் சிலர். கறுப்பும் வெள்ளையுமான கலப்பின மாட்டின் தோலில் வெள்ளைப் பகுதி மட்டும் சிவந்து, வெடித்து, காய்ந்த தோல் தகடு தகடாக உரியும். ஒட்டியுள்ள கறுப்புப் பகுதி அப்படியே நலமாக இருக்கும். வரைபடத்தில் எல்லைக் கோடு போட்டதுபோல் இருக்கும். எந்தக் கிருமியும் நிறம் பார்த்துத் தாக்குவதில்லை. நிறம் பார்ப்பது வெயில் ஒன்றே.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் மாட்டுக்கு ஒரு கோடையில் இது வந்தது. புல் காய்ந்துபோனதால் மாடு மலையடிவாரத்தில் மேய்ந்து வந்தது. அங்கே பச்சையாக நின்றது உண்ணிச்செடி ஒன்றுதான். அச்செடியின் நஞ்சு கல்லீரலைத் தாக்குகிறது. மாடு தின்னும் புல்லின் பச்சையம் வயிற்றில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருளைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றுவது வழக்கம். கல்லீரல் கெட்டால் அப்பொருள் இரத்தத்தில் தங்கித் தோலுக்கு வருகிறது. அதன் மேல் வெயில் பட்டதும் தோல் வெந்துபோகிறது. கருமை நிறமி உள்ள இடத்தை அந்நிறமி காக்கிறது. வெள்ளைத் தோலுக்குக் காவல் இல்லை. மாடு தீனி எடுக்காமை, சாணம் இறுகுதல், கண் மஞ்சளித்தல் ஆகியவையும் உடன் காணும்.

தோலில் எதைப் பூசினாலும் இது தீராது என்பது இப்போது விளங்கும். நோய் கல்லீரலில், தோல் அதன் அறிவிப்புப் பலகை. மாட்டைப் பகலெல்லாம் இருண்ட நிழலில் கட்டி, அச்செடி பக்கம் விடாமல், மருத்துவரின் சிகிச்சை பெறுவதே வழி. பெரியம்மாவின் மாடு அவ்வாறே பிழைத்தது. வெளிப்பூச்சில் உண்ணிக்கு மருந்தாகும் அதே இலை, உள்ளே போனால் நஞ்சு. மூலிகைக் கரைசலை மாடு நக்கலாகாது என்று முன்னே சொன்னதன் காரணம் இதுவே.

புழு வைத்த புண்

சிறு காயத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் புண் நாளுக்கு நாள் ஆழமாகும். முதல் நாள் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயையோ, சீத்தா இலைச் சாற்றையோ விட்டால் புழுக்கள் வெளிவரும். இடுக்கியால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பின்னர் சுத்தம் செய்து, வேப்பெண்ணெய் தடவி ஈ அண்டாமல் காக்க வேண்டும். மடியிலோ கண்ணருகிலோ இருந்தால் நாமே முயலாமல் மருத்துவரிடம் விடுவதே அறிவு.

செய்யத்தகாதவை

மாட்டுத் தோலுக்கு நம் ஊர்களில் பூசப்படும் பொருள்களின் பட்டியல் அச்சம் தருவது. வண்டியிலிருந்து இறக்கிய கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து ஆகியவை அதில் முன்னிற்கின்றன. கழிவு எண்ணெயில் ஈயம் போன்ற உலோக நஞ்சுகள் இருக்கக்கூடும். மாடு தன் உடலை நக்கும் விலங்கு என்பதை மறக்கலாகாது. தோலில் பூசுவதில் ஒரு பங்கு வயிற்றுக்கும் போகிறது.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம், யாரோ சொன்னதைக் கேட்டு, உண்ணிக்காகப் பயிர் மருந்தை நீரில் கலந்து மாட்டின் உடலெங்கும் ஊற்றியது. மாலைக்குள் மாட்டின் வாயில் நுரை தள்ளியது, உடல் நடுங்கியது, கால்கள் தள்ளாடின. மருத்துவர் வருமுன் மாடு இறந்துவிட்டது. கடன் வாங்கி வாங்கிய மாடு. மாடு போன பிறகும் தவணை நிற்கவில்லை. உண்ணி அந்த மாட்டைக் கொன்றிருக்காது.

கால்நடைக்கென்றே விற்கப்படும் உண்ணி மருந்தையும் குப்பியில் எழுதிய அளவில், நல்ல நீரில் கலந்தே பயன்படுத்த வேண்டும். அடிப்பதற்கு முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும்; தாகமுள்ள மாடு ஈர உடலை நக்கும். உச்சி வெயிலில் அடிக்கலாகாது. புண் உள்ள இடத்திலும் கண், மூக்கு, மடிக்காம்பு ஆகியவற்றிலும் படலாகாது. கன்றுக்கு அளவு வேறு. அடிப்பவரும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

பாலும் மருந்தும்

மாட்டின் தோலில் இட்டது தோலோடு நிற்கும் என்று எண்ணுவது தவறு. முற்காலத்தில் பி.எச்.சி. தூளைப் பேனுக்கும் உண்ணிக்கும் தூவினார்கள். அது கொழுப்பில் தங்கி, பாலில் வெளிவரும் இயல்புடையது. 1997இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. இக்காலத்தில் பலரும் அறிந்த ஐவர்மெக்டின் ஊசி சொறிக்குச் சிறந்த மருந்து. அதைக் கண்டறிந்ததற்கு வழிவகுத்த சதோஷி ஒமுரா, வில்லியம் கேம்பல் ஆகியோருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. எனினும் அதுவும் பல நாள் பாலில் வெளிவருவதால், மக்கள் அருந்தும் பால் தரும் மாட்டுக்குப் பல நாடுகளில் அதற்கு அனுமதியில்லை. மருந்துக் கடையில் தானே வாங்கிக் கறவை மாட்டுக்குப் போடுதல் எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

ஆகவே மருத்துவரிடம் மறவாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “டாக்டர், இந்த மருந்துக்கு எத்தனை நாள் பால் ஊற்றக்கூடாது?” ஒற்றை மாடு வைத்திருப்போருக்கு அந்தச் சில நாள் பால் பணம் பெரிதுதான். அந்த இழப்பின் வலியை அறிந்தே சொல்கிறேன். ஆனால் அந்தப் பாலைப் புட்டியில் குடிப்பது நமக்குத் தெரியாத யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை.

முடிவுரை

தோல் நோய்களில் பெரும்பாலானவை வராமல் தடுக்கக்கூடியவை. உலர்ந்த தரை, அடைத்த சுவர், நாள்தோறும் ஒரு முறை தேய்த்து விடுதல், பச்சைத் தீவனத்தோடு மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவை, உரிய காலத்தில் தடுப்பூசி, புதிதாக வாங்கிய மாட்டைச் சில வாரம் தனியே கட்டுதல் ஆகிய இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு நோயின் செலவைவிடக் குறைவு. கால்நடை மருந்தகம் தொலைவில் இருந்தால் 1962 என்னும் எண்ணில் அழைத்துக் கால்நடை அவசர ஊர்தியின் உதவியைப் பெறலாம்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் சிற்றூர்களிலிருந்து வருகிறோம். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தேர்வுக்குப் படித்த உயிரியலைப் பேருந்து நிலையத்திலேயே இறக்கிவைத்துவிட்டுப் போகிறோம். கணுக்காலியும் பூஞ்சையும் வைரசும் பச்சையமும் நம் கொட்டகைக் கம்பத்தருகிலேயே நிற்கின்றன. அடுத்த முறை வீட்டுக்குச் சென்றால், மாட்டின் காதுமடலைத் திருப்பி ஒருமுறை பாருங்கள். மயிரைப் பிரித்துப் பாருங்கள். கண்டதை மருத்துவரிடம் ஒழுங்காக எடுத்துச் சொல்லுங்கள். நோயைப் பெயர் சொல்லி அழைப்பதும் மருந்து கொடுப்பதும் அவர் பணி. கண்ணைத் திறந்து பார்ப்பது நம் பணி. படித்த பிள்ளை வீட்டில் இருப்பதன் பயனை, அந்த வாயில்லாச் சீவன் முதலில் பெறட்டும்.